இரண்டு டப்பாக்களுக்கு நடுவில்

முதல் குற்றம் வெல்லத்தை நிறுத்தியது. கரிமணல் தூசியைத் தின்று வேலை செய்கிறவனுக்கு ஷிப்டு முடியும்போது ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள், தொண்டையில் இருப்பது இறங்கட்டும் என்று. இந்த ஃபவுண்டரியிலும் கொடுத்தார்கள், ஒரு நாள் நிறுத்தினார்கள். இரண்டாவது, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்குக் கதவடைத்தது. மூன்றாவது, கதவைத் திறந்தபோது என்னை மட்டும் வெளியில் விட்டுத் திறந்தது. விசாரணை என்று ஒன்று நடந்தது, விசாரித்தவர் கம்பெனியின் வக்கீல், நான் பேசிய ஒரு வாக்கியம்கூட அவர் காகிதத்தில் முழுசாக ஏறவில்லை. நான்காவது, எங்கள் இடங்களில் கான்ட்ராக்டர் வழியாக ஆள் இறக்கியது. அதே உலை, அதே சூடு, கம்பெனிப் பதிவில் மட்டும் பெயர் இல்லாத ஆட்கள். ஐந்தாவது, மின்தேக்கி முற்றத்தில் ஒரு டப்பா வெடித்தபோது அதே மாதிரி ஒன்றை வாங்காமல், இடித்த மில்லிலிருந்து பழைய டப்பாக்கள் இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றின் இடத்தில் இரண்டையும் கோத்து மாட்டியது. ஆறாவது, துடைக்கப் போய் அந்த இரண்டுக்கும் நடுவில் கை வைத்த கான்ட்ராக்டு ஆள் கேதார் செத்தது. ஏழாவது, செத்தவன் செம்புக் கம்பி திருட வேலிக்குள் புகுந்தான் என்று எழுதிக்கொடுத்தது. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் கேட்கிறவன் ஏழாவதை முதலில் பிடித்துக்கொள்வான், ஓ திருடனா என்பான், அதற்குப் பிறகு வெல்லத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சங்கத்தின் கேட் கூட்டத்தில் பேசியவனுக்கு இது தெரியும். ஆனால் அப்பாவுவை எங்கே வைப்பது? அப்பாவு வெல்லத்துக்கும் முந்தியவன். இதே முற்றத்துக்குள் கம்பி தாங்கும் பீங்கான்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சை ஏற்றிவிட்டார்கள். அவனுக்காகத்தான் பெயர் வாசிப்பை வாங்கினோம், வாங்கினேன், நான்தான் வாங்கினேன். சாவி வைத்திருக்கிறவன் வேலிக் கதவில் நின்று உள்ளே போகிறவன் பெயரையும் தகப்பன் பெயரையும் உரக்க வாசிக்க வேண்டும், இரண்டு பேர் கேட்க வேண்டும், கேட்டேன் என்று சொல்ல வேண்டும். ‘உள்ளே’ என்று வாசித்த பெயரை ‘வெளியே’ என்று வாசிக்கும்வரை எந்தக் கடவுள் வந்தாலும் சுவிட்சு ஏறாது. ஈடு வாங்கியாகிவிட்ட குற்றத்தைக் கணக்கில் வைப்பதா, விடுவதா? அவனை முதலில் வைத்தால் வெல்லம் இரண்டாவதாகிவிடும், எல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்து கேதார் ஏழாவதாகிவிடுவான். வேண்டாம். அப்பாவு, நீ வெளியே இரு.

இன்றைய சோதனைக்காகச் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். சற்று முன்னால் டமார் என்று ஒரு சத்தம், பிறகு அதுவரை கேட்கிறது என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த ரீங்காரம் நின்று, இப்போது உலைப் பக்கத்து மின்விசிறியும், யாரோ செருப்பால் சரளைக் கல்லைக் கிளறுவதும் மட்டும் கேட்கிறது. என் இரண்டு கண்ணிலும் புரை. வேலி ஒரு சாம்பல் திரை, அதற்குள் வரிசையாகச் சில கருப்புக் கட்டைகள், அவ்வளவுதான் எனக்கு முற்றம். காத்திருக்கிறோம். மின்தேக்கி என்பது மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிற டப்பா. சுவிட்சை அணைத்தவுடன் அணைந்துவிட அது என்ன விளக்கா? அதனால் கதவிலேயே போர்டு: அணைத்துப் பத்து நிமிடம் கழித்தே திறக்கவும். அதற்குள் தன்னால் வடியும். பிறகு எர்த் ராடு, நீளக் கைப்பிடியும் நுனியில் கொக்கியும் உள்ளது, கொக்கியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். அதைக்கொண்டு மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் தொட்டு மிச்சத்தைக் கொல்ல வேண்டும். கம்பெனி சொல்வது என்ன? முறைப்படி காத்திருந்து, முறைப்படி ராடு போட்ட பிறகு போனவன் சாக வழியே இல்லை, இவன் செத்தான், ஆகவே இவன் முறைப்படி போகவில்லை, யாருக்கும் தெரியாமல் புகுந்தான், ஆகவே திருடன். செத்ததுதான் அத்தாட்சி. எத்தனை அழகாகச் செய்திருக்கிறார்கள், பிணத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி அதன் மேலேயே குற்றம் சாட்ட வைத்திருக்கிறார்கள். நான் மனு மேல் மனு போட்டு மின் ஆய்வாளரம்மாவை இங்கே வரவழைத்திருக்கிறேன். அன்றைக்குச் செய்தது போலவே அணைத்து, காத்திருந்து, ராடு போட்டு, அதற்குப் பிறகு அந்த இரண்டு பழைய டப்பாக்களுக்கு நடுவில் உள்ள இணைப்பைத் தொட வேண்டும். அங்கே மின்சாரம் இருந்தால் வெடிக்கும். வெடித்தால் கேதார் முறைப்படி போயும் செத்திருக்கலாம் என்று ஆகும். வெடிக்காவிட்டால், வெடிக்காவிட்டால், பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண் ஒரு திருடனின் பெண்டாட்டியாக ரயில் ஏறிப் போக வேண்டும், அதற்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்தவன் நானாவேன்.

“தோழர் இன்னும் கண்ணு ஆபரேசன் பண்ணிக்கலீங்களா?” இது சபாபதி, பெர்சனல் மேனேஜர், செண்டு வாசனை வேலியின் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. “பாக்கறதுக்குன்னு வந்துபோட்டு பாக்க முடியாம போயிருமுங்களே.” காது இருக்குங்க சபாபதி என்றேன், உங்க அப்பா உங்க சேர்ல உக்காந்து பேசினதயும் கேட்டவன், குரல்கூட மாறலீங்க. சிரித்தார். அவர் சிரிப்பார், அவருக்கு நேரம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை, ஏனென்றால் அந்த இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் இருக்கும் மின்சாரமும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போது, நான் இதை நினைக்கிற இந்த நொடியிலும். என் கணக்கு சரியாக இருந்தால். என் கணக்கு. நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். தடித்த புத்தகம் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், இத்தனை பக்கத்தில் எதை மறைக்கிறான் என்று. கூலியும் உபரியும் நாலு பக்கத்தில், பிரெஞ்சுப் புரட்சி எட்டுப் பக்கத்தில், பூமி சூரியனைச் சுற்றுவது ஒரே தாளில் முன்னும் பின்னும். மின்தேக்கியையும் அப்படித்தான் படித்தேன், வயர்மேன் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கென்று பஸ் ஸ்டாண்டில் விற்கிற மெல்லிய கையேட்டில், பூதக்கண்ணாடி வைத்து, ஒரு எழுத்து ஒரு எழுத்தாக. பக்க இணைப்பு, தொடர் இணைப்பு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இணைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம். தேக்கும் திறன் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். இதைத்தானடா நான் தொண்டை கிழியக் கத்தினேன், தோளோடு தோள், கேட்டுக்கு முன்னால், ஒருவனுக்கு விழுகிறது எல்லோருக்கும் விழட்டும், எல்லோருடைய பலமும் கூடட்டும். காலியாகிறபோதும் சேர்ந்தே காலியாகும், மேலே ஒன்று கீழே ஒன்று கம்பி கொடுத்தால் எதிலும் எதுவும் மிஞ்சாது. தொடர் இணைப்பு அப்படி இல்லை. ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை. ஒவ்வொன்றின் திறனையும் தலைகீழாக்கிக் கூட்டி, வந்ததை மறுபடியும் தலைகீழாக்க வேண்டும். கிடைக்கிற மொத்தம் இருப்பதிலேயே சிறியதைவிடவும் சிறியதாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைவிடக் குறைகிறார்கள். நாங்கள் பிளந்த பிளவெல்லாம் ஞாபகம் வந்தது, கொடி இரண்டாகி நாலாகி, சங்கத்திலிருந்து என்னை நீக்கிய தீர்மானத்துக்கு நானே ஓட்டுச் சீட்டு மடித்துக்கொடுத்தது. அதைவிடக் கொடுமை அடுத்த வரியில் இருந்தது: தொடரில் எல்லாவற்றிலும் ஏறுகிற மின்னூட்டம் ஒன்றுதான், ஆனால் எது சிறியதோ அதன் மேல்தான் அதிக அழுத்தம் விழும். முதலாளி, கான்ட்ராக்டர், அவனுக்குக் கீழே ஆள் கொண்டுவருகிற மேஸ்திரி, அவன் காலடியில் கேதார். அந்த வரியை நான் பூதக்கண்ணாடிக்கு அடியில் வெகுநேரம் வைத்திருந்தேன், வெயில் குவிந்து காகிதம் பழுப்பாகிவிட்டது.

ஆனால் அது பேச்சு. மேடைக்கு ஆகும். இங்கே பேச்சு வெடிக்காது. இங்கே வேண்டியது வேறு. இரண்டு பழைய டப்பா, ஒன்று உள்ளுக்குள் ஒழுகுகிறது, மற்றது ஒழுகவில்லை என்று வைத்துக்கொள். ஒழுகுவது தன் பங்கை விட்டுவிடும், ஒழுகாதது பிடித்துவைத்துக்கொள்ளும். இப்போது மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் ராடால் தொட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பி, சரிக்குச் சரியாக நின்று, கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். முனையில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் சாவி வைத்திருக்கிற ஃபிட்டர் திருமூர்த்தி அவனை உள்ளே விட்டான், அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் கேதார் துடைக்கிற துணியோடு உள்ளே போனான். நடுவில் பூஜ்யம் இல்லை. நடுவைத் தொடுவது இங்கே வழக்கமே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் நின்ற டப்பாக்களுக்கு நடு என்பதே இல்லை. இத்தனை வருஷமும் முனை இரண்டைத் தொட்டால் போதுமானதாக இருந்தது. திருமூர்த்தியின் கை அன்றைக்கும் அதையே செய்தது. யாரும் அந்தக் கையிடம் வந்து, இங்கே ஒன்றை மாற்றியிருக்கிறோம், இனி நடு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லவில்லை. சரி. ஆனால் ஒழுகுகிற டப்பா அந்த நடுவையும் மெல்ல ஒழுகவிடுமே. நேரம் போகப் போக. போர்டில் உள்ள நேரம் பக்க இணைப்புக்குக் கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் முனை காலியாகும், நடு காலியாகாது. இன்னும் கூடுதலாக விட்டால் நடுவும் காலியாகிவிடும். அப்போது ராடு நடுவைத் தொடும், ஒன்றும் நடக்காது, எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது. இல்லை, ஒழுகலே இல்லையென்றால்? இரண்டும் ஒரே சீராக இருந்தால்? அன்றைக்குக் கேதார் வேறு எதனாலோ செத்திருந்தால்? அவன் உண்மையிலேயே ராடு போடுவதற்கு முன்னாலேயே, யாருமில்லாத நேரத்தில்… இதை நினைக்காதே. நினைத்துவிட்டேன். இப்படித்தான் அவர்கள் ஜெயிக்கிறார்கள், கடைசியில் நம் தலைக்குள்ளேயே அவர்களுடைய வக்கீல் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடுகிறான்.

“மேடம், காபி வந்திருச்சுங்க. குடிச்சிட்டே பாக்கலாமே, அவசரம் என்னங்க. சேஃப்டி முக்கியமில்லீங்களா, இன்னுங் கொஞ்சம் வடியட்டும்.” சபாபதிக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நான் கையேட்டில் படித்ததை அவர்களுடைய இன்ஜினியர் காலேஜில் படித்திருப்பான் அல்லவா. கத்த வேண்டும் என்று நினைத்தேன், இத்தனை காலம் கத்திய தொண்டை, எழும்பவில்லை, இருமல்தான் வந்தது, வெல்லம் இறக்காத தூசி. “காபி அப்புறங்க சார்,” என்றது ஆய்வாளரம்மா நூர்ஜஹான், வயசு குறைந்த குரல், ஆனால் தாழ்ப்பாள் போட்ட குரல். “போர்டுல உங்க கம்பெனி என்ன எழுதியிருக்கோ அதுதான் நேரம். ஒரு நிமிஷம் முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.” இந்த அம்மாவும் அரசாங்கம்தான், அரசாங்கத்தை நான் நம்பியதில்லை, இப்போது நம்பாமல் என்ன செய்வது. கையில் வேறு என்ன இருக்கிறது. கொடி இல்லை. கூட்டம் இல்லை. என்னுடன் வந்திருப்பது ஜமுனா மட்டும். கேதாரின் பெண்டாட்டி, இதே ஃபவுண்டரியில் மணல் அச்சு செய்கிறாள், ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வந்தவர்கள்.

ஜமுனா என்று மெல்லக் கூப்பிட்டேன். “சொல்லு தாத்தா.” அந்த ரெண்டு டப்பாவும் எப்பிடி இருக்குது பாத்துச் சொல்லு, புதுப் பெயிண்டு அடிச்ச மாதிரி இருக்குதா? சீல் வைத்த முற்றம்தான், இன்று காலையில்தான் அரக்கை உடைத்தார்கள், ஆனால் அரக்கை நம்பவும் எனக்குத் தெம்பில்லை. அவள் எழுந்து வேலியில் முகத்தை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், கம்பி வலை லேசாகக் குலுங்கியது. “பழசுதான். தூசி நெறைய. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது.” ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எனக்கு அழுகை வந்தது, வெட்கக்கேடு, டப்பாவுக்காக அழுகிற கிழவன். அவள் உட்கார்ந்தாள். “பயமா தாத்தா?” என்றாள். எனக்கென்ன பயம் என்றேன். “எனக்குப் பயம்,” என்றாள், சாதாரணமாக, பசிக்கிறது என்பது போல. பெயர் வாசித்த விஷயத்தை என்னிடம் சொன்னவள் இவள்தான். இங்கே கேதாரை யாரும் கேதார் என்று கூப்பிட்டதில்லை. ஏ பையா, டேய் வடக்கு, ஏப்பா ஒடிசா. பெயர் வாசிப்பும் பதிவில் உள்ளவர்களுக்குத்தான், கான்ட்ராக்டு ஆட்களுக்குக் கிடையாது என்று அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள், நான் வெளியே தள்ளப்பட்ட பிறகு. ஆனால் ஒரு ராத்திரி சோறு தின்னும்போது கேதார் இவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: இன்றைக்கு மூர்த்தி அண்ணா வேலிக் கதவில் நின்று என் பெயரை வாசித்தார், கேதார் பாக் என்று, உச்சப் பாக் மகன் என்று, சத்தமாக, என் அப்பா பெயரை இந்த ஊரில் ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வந்து சொல்வானாம், இன்றைக்கும் வாசித்தார்கள் என்று, பண்டிகைக்குப் போய்வந்தவன் போல. ஆக, திருமூர்த்தி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். கம்பெனி சொல்லாமல், நான் வாங்கிக்கொடுத்த முறையைப் பிடித்துக்கொண்டு, தன் போக்கில். அப்படியானால் அன்றைக்கும் வாசித்திருப்பான். ஆனால் கேதார் செத்த பிறகு எழுதிக் கொடுத்ததில் என்ன சொன்னான்? வாசிக்கவில்லை, அவன் உள்ளே போனதே எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்ட இரண்டு பேரில் ஒருவர் சூப்பர்வைசர், அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இன்னொருவன் கேதாரின் ஊர்க்காரன், மறுநாளே கான்ட்ராக்டர் ரயில் ஏற்றிவிட்டான்.

திருமூர்த்தி பூட்டிய வேலிக் கதவில் ராடோடு நிற்கிறான். இன்றைக்கும் அவன்தான் ஃபிட்டர், இன்றைக்கும் சாவி அவனிடம்தான். என் சைக்கிளுக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஓடியவன், கதவடைப்பில் என்னோடு ஒரே பொட்டலத்தில் பொரி தின்றவன். மகனை இதே கம்பெனி ஆபீசில் சேர்த்திருக்கிறான். அன்றைக்கு வாசித்தாயா என்று நான் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், வாசலிலேயே நிறுத்தினான். “நீங்க போயிருவீங்க தோழர், ஒரு நோட்டீசு அடிச்சுப்போட்டுப் போயிருவீங்க. நானு இங்கயே கெடக்கோணுமில்ல?” எட்டப்பன் என்று திட்டிவிட்டு வந்தேன், அது பதிலா. அவனுக்கு மேலே மகனுடைய நாற்காலி, கீழே செத்தவன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை, வருகிறான், போகிறான், சாதுவாக நிற்கிறான். முனையில் தொட்டுப் பார்த்துவிட்டு இவனிடம் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேனோ? சே, மறுபடியும் மேடைப் பேச்சு. மனிதன் டப்பா இல்லை. டப்பாவாவது கணக்குக்குக் கட்டுப்படும். அவனுடைய பெருமூச்சு கேட்கிறது, அவனுக்கும் மூக்கில் அதே தூசி. நேரம் ஆயிற்றா? ஆகவில்லையா? ஒழுகிக்கொண்டிருக்கிறது. வெல்லம், கதவடைப்பு, விசாரணை, கான்ட்ராக்டர், டப்பா, கேதார், திருடன். வரிசை சரியாக இருக்கிறது. வெல்லம், கதவடைப்பு…

“டைம் ஆச்சு. ராடு போடுங்க,” என்றது அம்மா. கதவுப் பூட்டு திறந்தது. சரளை நொறுங்கியது. கொக்கி மேல் கம்பியில் படுகிற சத்தம், உலோகத்தில் உலோகம், டிக். அவ்வளவுதான். கீழ்க் கம்பி, டிக். “பாத்துக்குங்க மேடம்,” என்றார் சபாபதி. “ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமா காலி. இதைத்தாங்க நாங்களும் எழுதிக்குடுத்தோம்.” யாரோ சிரித்தார்கள். ஆய்வாளரம்மா நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டுகிற சத்தம். “இப்ப அந்த ரெண்டு டப்பாவுக்கு நடுவுல. கைப்பிடி நுனியப் பிடிங்க, கிட்டப் போகாதீங்க.” திருமூர்த்தி நகரவில்லை. ஏன் நகரவில்லை? ஒவ்வொரு மூச்சுக்கும் ஒழுகுகிறதடா, தம்பி, மூர்த்தி, போ. ஜமுனாவின் கை என் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கண்ணை மூடினேன், மூடினாலும் திறந்தாலும் எனக்கு அநேகமாக ஒன்றுதான், இருந்தும் மூடினேன். சரளை. ஒரு அடி. இன்னொன்று. வரப்போவதாக இருந்தால் ஒரே ஒரு தடவைதான் வரும், மறுபடி தொட்டால் வராது, அந்த நேரத்தில் அந்த அம்மா குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தால்

படார். காதுக்குள் ஓர் அறை விழுந்த மாதிரி. மூடிய இமைக்குள்ளும் ஒரு நீலம். காக்கைகள் கூரையிலிருந்து எழுந்து கத்தின. கருகிய நாற்றம் வந்தது, தீபாவளி மறுநாள் தெருவில் வருமே, அது. ஜமுனா கத்தவில்லை, என் வேட்டியை விட்டுவிட்டாள். “அய்யோ சாமி,” என்று யாரோ, ராடு கீழே விழுந்து உருண்டது. நான் எழுந்து நின்றேன், ஸ்டூல் சாய்ந்தது. இருந்திருக்கிறது. கையேடு பொய் சொல்லவில்லை. காலியான பிறகும் நடுவில் இருந்திருக்கிறது, அந்த அளவு, ஆளைத் தூக்கி எறிகிற அளவு. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எத்தனை நேரம் நினைத்திருப்பேன்? சபாபதி தொண்டையைச் செருமிக்கொள்கிற நேரம்.

“சரிங்க மேடம். நடுவுல இருந்துச்சு. நாங்க மறைக்கல, நோட் பண்ணிக்குங்க, அந்த ரெண்டையும் நாளைக்கே கழட்டிர்றோம். ஆனா கேள்வி அதில்லீங்களே? அவன உள்ள போன்னு யாரு சொன்னது? இந்தக் கம்பெனியில ஒரு முறை இருக்குதுங்க. உள்ள போறவன் பேர வாசிக்கோணும், ரெண்டு பேரு கேக்கோணும். பேரு வாசிக்காம உள்ள நிக்கறவன் நம்ம ஆளு கெடையாது. கேட்டுப் பாருங்க, இந்த மொறையப் போராடி வாங்கினதே தோழர் கருப்பண்ணன்தான். பெருமையா சொல்லுவாருங்க, ஒவ்வொரு மே தினத்துக்கும் சொல்லுவாரு.” சொல்வேன். சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு மே தினத்துக்கும். அப்பாவு, கேட்டாயா, உன் ரத்தத்தில் வாங்கியதைக்கொண்டு கேதாரை அடிக்கிறார்கள். ஒரு மனிதனும் பெயர் இல்லாமல் சாகக்கூடாது என்று நான் கட்டிய கதவை, பெயர் இல்லாதவன் மனிதன் இல்லை என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள். இதை எத்தனையாவதாக வைப்பது? எட்டு. எட்டாவது குற்றம். என் கையால் செய்த கதவு. வாயைத் திறந்தேன், என்ன சொல்வேன், அந்த முறை தப்பு என்பேனா? என் வாழ்நாளில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். ஜமுனா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பார்க்காமலேயே தெரிந்தது.

“அன்னிக்கு சாவி உங்ககிட்ட இருந்துச்சு. நீங்க பேரு வாசிச்சீங்களா?” என்று ஆய்வாளரம்மா கேட்டது. என்னிடம் இல்லை, வேலிக்குள்ளே நிற்கிற திருமூர்த்தியிடம். “மூர்த்தி, எழுதிக்குடுத்ததச் சொல்லு,” என்றார் சபாபதி, அன்பாக, வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது போல. “பையனுக்கு வேலை கன்பர்மேசன் வந்திருக்குதே, இனிப்பு எங்கப்பா குடுக்கவே இல்ல?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது. இப்போது சொல்வான், வாசிக்கலீங்க என்று. அவனைத் திட்டக்கூட என்னிடம் இனி எதுவும் இல்லை. சரளை நொறுங்கியது, ஒவ்வொரு அடியாக, முற்றத்திலிருந்து கதவை நோக்கி. கதவில் வந்து நின்றது. அந்த இடம் எனக்குத் தெரியும், கதவு நிலைக்கு இடது பக்கம், பெயர் வாசிக்கிறவன் நிற்கிற இடம், அங்கே சிமெண்டு வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். பூட்டில் சாவி இடித்தது. “வாசிச்சேனான்னு கேட்டா எப்பிடிங்க சொல்றது,” என்றான் திருமூர்த்தி, கரகரத்த குரலில். “வாசிச்சுத்தான் காட்டோணும். ரெண்டு பேரு கேட்டுக்கோணுமுங்க. மொறை அதுதானுங்களே. தோழர், நிக்கறீங்களா?”

நின்றுகொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் வளையல் சத்தம், ஜமுனா எழுந்து என் தோளுக்குச் சமமாக வந்து நின்றாள். “மூர்த்தி,” என்றார் சபாபதி, இந்தத் தடவை அன்பில்லாமல், “யோசிச்சுக்க.” அவன் யோசிக்கிறவனாகத் தெரியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான், உலை மின்விசிறியின் இரைச்சலுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று நான்தான் ஒரு காலத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அப்படி இழுத்து, அன்றைக்கு வாசித்தது போலவே, ஒவ்வொரு சொல்லாக, பிசகாமல், வாசித்தான்:

“கேதார் பாக். தகப்பனார் உச்சப் பாக். மின்தேக்கி முற்றம். உள்ளே.”